ஜூன் மாசத்து விருந்தாளிகள்

எங்க தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப்பழனி மலையில இருக்கு. காபி, மிளகு, நடுவுல கொஞ்சம் மலைவாழை, வேலியோரம் ஆரஞ்சு. கொடைக்கானல்னு சொன்னதும் உங்களுக்கு ஏரியும் படகும் சாக்லேட்டும் ஞாபகம் வரும். நாங்க அதே மலைத்தொடர்ல பாதி உயரத்துல குடியிருக்கிறவங்க. சுற்றுலா பஸ் எங்க ஊர்ல நிக்காது.

எங்களுக்கு ஜூன் கை காய்ஞ்ச மாசம். காபி வித்த காசு சித்திரையோட தீர்ந்துபோயிருக்கும். அடுத்த பழம் எடுக்க ஐப்பசி தாண்டணும். செடியில காய் பச்சையா பட்டாணி அளவுக்கு நிக்கும். களை வெட்டலாம், வேண்டாத கொம்பு ஒடிக்கலாம். செலவு மட்டும்தான், வரவு கிடையாது.

அந்த ரெண்டு மாசத்துக்காக 2013-ல இருந்து 2019 வரைக்கும் ஒரு வேலை பார்த்தேன். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்னு பல நாட்டுல இருந்து விடுமுறைக்கு வர்ற மாணவர்களைப் பழனி மலையில மூணு வாரம் கூட்டிக்கிட்டுச் சுத்துற வேலை. பதினேழுல இருந்து இருபது வயசு வரைக்கும் இருப்பாங்க. ஒரு குழுவுக்குப் பதினாலு, பதினாறு பேர். கழுத்துல ஒரு அட்டை தொங்கும், 'டிரிப் லீடர்'னு போட்டிருக்கும். எங்க அம்மா மட்டும் கடைசி வரைக்கும், "வெள்ளக்காரப் புள்ளைகள மேய்க்கப் போறான்"னுதான் சொல்லும். வந்தவங்கள்ல பாதிப்பேர் வெள்ளைக்காரங்களே கிடையாது. கொரியா, கென்யா, மெக்சிகோ வேர் உள்ளவங்க, தாத்தா காலத்துல யாழ்ப்பாணத்துல இருந்து போன குடும்பத்துப் பொண்ணு ஒண்ணுன்னு எல்லாரும் வந்தாங்க. அம்மாவுக்கு எல்லாரும் ஒண்ணுதான், எல்லாருக்கும் சோத்துல தயிர் ஊத்தணும்.

இந்த மலைக்கு வெளிநாட்டுக்காரங்க கோடைக்கு வர்றது புதுசு இல்ல. கொடைக்கானல் ஊரே அப்படி உண்டானதுதான். மதுரைச் சீமையில வெயிலும் காலராவும் காய்ச்சலும் தாங்காம அமெரிக்க மிஷனரிகள் 1845-ல மேல ஏறி வந்து முதல் ரெண்டு பங்களாவைக் கட்டினாங்க. 1863-ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறிச்சு ஏரியை உண்டாக்கினார். 1901-ல அவங்க பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. அன்னிக்கு அதுக்குப் பேரு ஹைகிளார்க், இன்னிக்குக் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கூடாரம் தூக்கிக்கிட்டு மலை நடக்கறது ரொம்ப காலமா இருக்கிற பழக்கம். இந்தப் பக்கத்துல மலை நடைன்னு ஒண்ணு பொழுதுபோக்கா ஆனது அவங்க வழியாத்தான். நாங்க நடந்தா அதுக்குப் பேரு சந்தைக்குப் போறது.

சரி, வேலை என்னன்னு சொல்றேன். படம் பார்க்கிற மாதிரி மலை உச்சியில நின்னு கையை நீட்டுற வேலைன்னு நினைச்சுக்காதீங்க. முக்கால்வாசி வேலை தண்ணியும் வயிறும்தான். காலைல அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணி கொதிக்க வைக்கணும். பதினாறு பேருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் ஐம்பது லிட்டராவது வேணும். யாருக்கு வயிறு சரியில்ல, யாரு அதை வெட்கப்பட்டு மறைக்கிறாங்கன்னு முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கணும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்பவும் சட்டைப்பையில இருக்கும். அப்ப வெளிநாட்டுக்காரங்க எங்க தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள்ள 'சி' படிவம் பதிய வேண்டியிருந்தது. அதுக்கு பாஸ்போர்ட், விசா நகலோட அலையணும். காட்டு வழின்னா வனத்துறை அனுமதி. 2013-ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமா அறிவிச்ச பிறகு அந்தக் கெடுபிடி இன்னும் இறுகிடுச்சு. அது நல்லதுதான்.

ஜூன்ல மேல் மலையில மேகம் இறங்கும். பத்தடி தள்ளி நிக்கிறவன் தெரியமாட்டான். அதனால வரிசைக்கு முன்னால ஒரு ஆள், கடைசியில ஒரு ஆள் நடக்கணும். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால நிக்கக்கூடாது. ஒவ்வொரு வளைவுலயும் தலையை எண்ணணும். சோலைக்குள்ள அட்டைப்பூச்சி ஏறும். துணியில உப்பு முடிஞ்சு குச்சியில கட்டிக் கொடுப்போம், அட்டை மேல தொட்டா விழுந்துடும். முதல் நாள் அலறுற பிள்ளைகள் நாலாம் நாள் அடுத்தவன் கால்ல இருக்கிறதை எடுத்துவிட்டுக்கிட்டே பேசிக்கிட்டு நடப்பாங்க. காட்டுமாடு நின்னா நாமளும் நிக்கணும், போன் எடுக்கக்கூடாது, அது போன பிறகுதான் அடி எடுத்து வைக்கணும். இதெல்லாம் ரெண்டு நாள்ல சொல்லிக் கொடுத்துடலாம்.

சொல்லிக் கொடுக்க முடியாத வேலை ஒண்ணு இருந்தது. மொழிபெயர்ப்பு. வந்தவங்க பேசுறதை ஊருக்கும், ஊர் பேசுறதை வந்தவங்களுக்கும் சொல்றது. ஏழு வருசத்துல எனக்கு உடம்பு நோவு தந்தது நடை. மனசு நோவு தந்தது இதுதான்.

மூணு வாரத் திட்டத்துல ரெண்டு நாள் 'சேவை நாள்'னு போட்டிருக்கும். நான் சேர்ந்த முதல் வருசம் அந்தச் சேவை, ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது. நிறுவனத்தோட பேரு வேண்டாம், இப்ப அது இல்ல. பிள்ளைகள் சந்தோஷமா அடிச்சாங்க, சுவர்ல ஒரு யானையும் வரைஞ்சாங்க. அடுத்த வருசமும் அதே சுவர், அதே சேவை. போன வருசத்து யானை மேல இந்த வருசம் மயில். அங்க இருந்த வாத்தியார் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தம்பி, சுவரு நல்லாத்தான் இருக்கு. இவங்க அடிச்சா கறை போக நாங்க ரெண்டு நாள் தரையைத் தேய்க்கிறோம். வந்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு சும்மா இருக்கோம்"னார்.

அந்த ஊரு வார்டு உறுப்பினர் ஒரு அக்கா. அவங்ககிட்ட போய்க் கேட்டேன், "அக்கா, பதினாறு பேரு ரெண்டு நாள் உழைக்கத் தயாரா வர்றாங்க, உங்களுக்கு என்ன வேணும்?" அவங்க ஒரு ராத்திரி டைம் கேட்டாங்க. நாலு பொம்பளைங்களைக் கூட்டிப் பேசிட்டு மறுநாள் சொன்னாங்க: மேல ஊத்துல இருந்து தொட்டிக்கு வர்ற குழாய்ப் பாதையில மண் சரிஞ்சு கிடக்கு, ஆள் பத்தாம மூணு மாசமா அப்படியே இருக்கு. அந்த வருசம் பிள்ளைகள் மண் அள்ளினாங்க, குழாய் தூக்கினாங்க. மேஸ்திரி அந்த ஊர்க்காரர். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது, ஆனா மண்வெட்டியை எப்படிப் பிடிக்கணும்னு அவர் திட்டினது எல்லாருக்கும் புரிஞ்சது. போட்டோவுக்கு யானையும் கிடையாது, மயிலும் கிடையாது. சேறு மட்டும்தான். நிறுவனத்துக்காரங்களுக்கு விளம்பரத்துக்குப் படம் சரியா வரலைன்னு வருத்தம். ஊருக்குத் தண்ணி வந்தது.

அதுக்கப்புறம் நான் ஒரு நிபந்தனை வச்சேன். எந்த ஊருக்குப் போறதா இருந்தாலும் மே மாசமே நான் நேர்ல போய்க் கேட்டுட்டு வருவேன், அவங்க சொல்றதுதான் திட்டம். ஒத்துக்கிட்டாங்க. எனக்குப் பதிலா ஆள் பிடிக்கிறது அவங்களுக்குச் சிரமம், வேற காரணம் ஒண்ணும் இல்ல.

வெள்ளகவி கதையைச் சொல்லணும். கொடைக்கானல்ல வட்டக்கானல், டால்பின் நோஸ் வழியா இறங்கினா மலைச்சரிவுல தொங்குற மாதிரி ஒரு ஊர். இன்னும் கீழ இறங்கினா கும்பக்கரை அருவி, அப்புறம் பெரியகுளம். நான் போன வருசங்கள்ல அந்த ஊருக்கு வண்டி போற ரோடு கிடையாது. பஸ் ரோடு போடறதுக்கு முன்னால கொடைக்கானலுக்கு வெள்ளைக்காரங்க ஏறினது இந்தப் பக்கத்து மலைப்பாதையிலதான். ஏறினாங்கன்னு சொல்றது தப்பு, ஏத்தினாங்க. பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கர் தோப்புல இருந்து துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியிலயும் பல்லக்குலயும் உட்கார வச்சு, அவங்க பெட்டி, பியானோ, பீங்கான் எல்லாத்தையும் நம்ம ஆட்கள் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ் எழுத்துல பாதைக்குப் பேரே 'கூலி காட்'. தூக்கினவங்க பேரு ஒண்ணுகூட எந்தப் புத்தகத்துலயும் நான் பார்த்ததில்ல.

வெள்ளகவியில ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கணும். வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவுல இடைவெளியே கிடையாது, ஊரே கோயில் மாதிரி. அந்த ஊர்க்காரங்க ஊருக்குள்ள செருப்புப் போடறதில்ல. விலையுயர்ந்த மலையேறும் பூட்சுகளைக் கழட்டிக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு நம்ம பிள்ளைகள் கல்லு மேல தத்தித் தத்தி நடப்பாங்க. ஊர்ப் பிள்ளைகள் பின்னாலயே சிரிச்சுக்கிட்டு வரும்.

2015-ன்னு நினைக்கிறேன். ஒரு திண்ணையில உட்கார்ந்து கட்டங்காபி குடிச்சுக்கிட்டு இருந்தோம். எதிர்ல பள்ளத்தாக்கு, கீழ சமவெளி, பஞ்சு மாதிரி மேகம். ஒரு பையன், நல்ல பையன், ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்துட்டு என்கிட்ட சொன்னான்: "இந்த ஊருக்கு ரோடே வரக்கூடாது. வந்தா எல்லாம் கெட்டுப்போயிடும். இதை இவங்ககிட்ட சொல்லுங்க."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையாத்தான் சொல்றான். திண்ணையில அந்த வீட்டு அப்பத்தா கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. "என்னய்யா சொல்லுது அந்தப் புள்ள?"ன்னு கேட்டுச்சு. மழுப்பியிருக்கலாம், "ஊரு அழகா இருக்காம்"னு சொல்லியிருக்கலாம். பாதி வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்வாங்க. ரெண்டு பக்கமும் சந்தோஷம், டிப்ஸும் கிடைக்கும். நான் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அப்பத்தா கோபப்படல. காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு உள்ள கையைக் காட்டுச்சு. சாக்குல மிளகு கட்டி வச்சிருந்தாங்க. "நாளைக்கு எம் மவன் இதக் கீழ கொண்டு போறான். அந்தப் புள்ளையும் ஒரு மூட்டைய எடுத்துக்கிட்டுக் கூடப் போகட்டும். போயிட்டு வந்து ரோட்டப் பத்திச் சொல்லச் சொல்லு. இந்த ஊர்ல மாசமா இருக்கிற புள்ளைய டோலி கட்டித் தூக்கிட்டுப் போனவங்க நாங்க."

அதையும் அப்படியே சொன்னேன். பையன் முகம் சிவந்துடுச்சு. ஆனா, "எடுக்கிறேன்"னான்.

மறுநாள் பதினைஞ்சு கிலோ மூட்டை அவன் தலையில. அப்பத்தா மகன் தலையில முப்பதுக்கு மேல. அவர் ஒத்தைச் செருப்பு அறுந்ததைக் கம்பி போட்டுக் கட்டிக்கிட்டு மான் மாதிரி இறங்குறார். நம்ம பையனுக்கு ஒரு மணி நேரத்துல முட்டி ஆட ஆரம்பிச்சது. நாங்க யாரும் வாங்கிக்கலாம்னு கேட்கல, அவனும் கொடுக்கல. கும்பக்கரை வந்து இறக்கி வச்சப்ப கழுத்தைத் திருப்ப முடியல. அங்க ஒரு வியாபாரி நின்னார். எடை போட்டார், மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிச்சார், ஈரம்னு இன்னும் கொஞ்சம் கழிச்சார். திரும்பித் தூக்கிட்டா ஏற முடியும்? வியாபாரிக்கும் அது தெரியும்.

பையன் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் அவர் அந்த விலைக்கு ஒத்துக்கிட்டார்?" நான் மலையைக் காட்டினேன். வேற ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி பிள்ளைகளுக்குள்ள பெரிய விவாதம் நடந்தது. ரோடு வந்தா ரிசார்ட் வரும், பிளாஸ்டிக் வரும், வெளியூர்க்காரன் நிலத்தை வாங்குவான்னு ஒரு கட்சி. அதுவும் பொய்யில்ல, வட்டக்கானலைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆனா அதைச் சொல்ல வேண்டிய இடம் திண்ணைக்கு உள்பக்கம்னு எல்லாருக்கும் கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருந்தது.

அடுத்தது பளியர் விசயம். இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எழுதிடறேன்.

இந்த மலைக்கு நாங்க எல்லாருமே பிற்பாடு வந்தவங்க. மன்னாடியார், அசம்பாவார், செட்டியார், மிஷனரி, தோட்டத்துரை, எல்லாரும். முதல்ல இருந்தவங்க பளியர்கள். கிழங்கும் தேனும் காட்டுச் சாமான்களும் எடுத்து வாழ்ந்தவங்க. இன்னிக்கு அவங்கள்ல நிறையப் பேர் எங்களை மாதிரி ஆட்கள் தோட்டத்துல கூலிக்கு வர்றாங்க. பீட்டர் கார்ட்னர்னு ஒரு அமெரிக்க மானிடவியல் பேராசிரியர் 1960-கள்ல அவங்களோட தங்கி ஆராய்ச்சி பண்ணினார். சண்டை வந்தா எதிர்த்து நிக்காம விலகிப் போயிடற அவங்க வழக்கத்தைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். நம்மகிட்ட வந்த குழுக்கள்ல சிலர் அந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு வருவாங்க. எங்க மலையில பிறந்த நான் அவங்க சொல்லித்தான் அந்தப் பேரையே கேள்விப்பட்டேன்.

ஒரு வருசம் திட்டத்துல புதுசா ஒரு வரி சேர்ந்திருந்தது: 'பழங்குடி கிராமப் பார்வை, அரை நாள்'. வீட்டைப் பார்க்கிறது, பாட்டுப் பாடச் சொல்றது, படம் எடுக்கிறது. எங்க தோட்டத்துக்கு வர்ற பளியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட மே மாசம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "தம்பி, ஒங்க வீட்டுக்குள்ள பதினாறு பேரு வந்து அடுப்பப் பாத்துட்டுப் போனா நீ என்ன பண்ணுவ?"ன்னார். நான் வேண்டாம்ணேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். அவரே கூப்பிட்டார். "காட்டுக்கு வரட்டும். நான் வாரேன். ஆனா நான் சொன்ன இடத்துல நிக்கணும். வாத்தியாருக்குக் கொடுக்கிற சம்பளம் எனக்கும் கொடுக்கணும்."

அந்தக் கடைசி வரிக்காக நான் நிறுவனத்தோட ரெண்டு வாரம் மல்லுக்கட்டினேன். வெளிநாட்டுல இருந்து கூட வர்ற பேராசிரியருக்கு ஒரு நாள் சம்பளம் ஒண்ணு, 'உள்ளூர் ஆளு'க்கு ஒண்ணு. முழுசா அதே தொகை வரல. ஆனா என் சம்பளத்துக்கு மேல அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அது போதும்னு இருந்தது, அவருக்குப் போதாதுன்னும் தெரியும்.

எங்க பக்கத்துக் காட்டுலயே அனுமதி வாங்கின பாதையில ஒரு காலைப்பொழுது போனோம். அவர் ஒரு கொடியைப் பிடிச்சுக்கிட்டே போய் வேர் இருக்கிற இடத்துல நின்னார். கடப்பாரைக் குச்சியால தோண்டினார், கிழங்கு எடுத்தார். எடுத்துட்டு அதோட தலைப்பகுதியைக் கொடியோட திரும்பக் குழியில வச்சு மண்ணை மூடி, காலால மிதிச்சு அமுக்கினார். "அடுத்த வருசத்துக்கு"ன்னார். அவ்வளவுதான் விளக்கம். கட்டுரை படிச்சுட்டு வந்த பொண்ணு நோட்டை மூடிட்டு, "நான் ஒண்ணு தோண்டலாமா?"ன்னு கேட்டுச்சு. அவர் வேண்டாம்னுட்டார். "இன்னைக்கு ஒண்ணு போதும்."

அந்தக் குழுவுல ஒரு ஆஸ்திரேலியப் பையன் இருந்தான். மேல் மலைக்குப் போனப்ப சுத்திப் பார்த்துட்டு, "எங்க ஊர்ல இருக்கிற மாதிரியே இருக்கே"ன்னான். தைல மரமும் வாட்டிலும் அவன் நாட்டு மரங்கள்தான். புல்வெளியா இருந்த மேட்டுல விறகுக்கும் தோல் பதனிடவும் கூழுக்கும்னு நட்டது, இப்ப தானாப் பரவுது. நாம ஜன்னல் வழியாப் பார்த்து "அடடா, என்ன காடு"ன்னு சொல்றதுல பாதி அந்த நடவுதான். பளியர் அண்ணன் சொன்னதை அவனுக்கு மொழிபெயர்த்தேன்: "அந்த மரத்துக்குக் கீழ கிழங்கும் இல்ல, தேனும் இல்ல, ஊத்தும் வத்திப்போச்சு. பாக்க மட்டும் பச்ச."

2018 மார்ச் 11-ஆம் தேதியை மலையில இருக்கிற யாரும் மறக்கமாட்டோம். தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில மலையேறப் போன இளவயசுக்காரங்க இருபதுக்கும் மேல பேர் இறந்துபோனாங்க. சென்னை, ஈரோடு, திருப்பூர் பிள்ளைகள். அதுல பெண்கள் நிறைய. அன்னிக்கு ராத்திரி எங்க பகுதியில வழிகாட்டி வேலை பார்த்த அத்தனை பேரும் போன்ல பேசிக்கிட்டே இருந்தோம். மாசி, பங்குனியில புல்லு வெடிச்சுக் காயும், தீ மேட்டை நோக்கி ஆளை விட வேகமா ஓடும். அந்த மண்ணுல பிறந்தவன் எவனும் அந்த மாசத்துல காய்ஞ்ச புல்மேட்டுல ஆட்களைக் கூட்டிட்டுப் போகமாட்டான்.

அதுக்கப்புறம் மலையேற்றத்துக்குத் தடை, பிறகு அந்த வருசமே அரசு ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. அந்த ஜூன்ல வந்த குழுவுக்குக் காட்டு நடையே கிடையாதுன்னு முடிவு பண்ணினோம். பணம் கட்டினவங்க முணுமுணுத்தாங்க. மூணு வாரமும் தோட்டத்து வழி, ஊர் வழி மட்டும்தான். பூம்பாறையில படிக்கட்டு வயல்ல பூண்டு எப்படி வருதுன்னு பார்த்தாங்க. அடுத்த வருசம்தான் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. எங்க தோட்டத்துல முடிக்கொத்து நோய் வந்த மலைவாழையைக் கிழங்கோட தோண்டி எடுத்தாங்க. ஒரு மரத்துல வந்தா அசுவினி பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோயிடும், தோண்டித்தான் ஆகணும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு ருசி கொடுக்கிற பழம் இந்த நோயால எவ்வளவு குறைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். ஏழு வருசத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச குழு அதுதான். அவங்க ஒரு சிகரத்தையும் பார்க்கல. அந்த வருசம் குறிஞ்சி பூக்கிற வருசம். அவங்க கிளம்பின பிறகு ஆகஸ்ட்ல பூத்தது. அடுத்தது 2030.

2020-ல கொரோனா வந்து எல்லாம் நின்னுபோச்சு. நிறுவனம் திரும்ப எழுந்திருக்கல. எனக்கும் மிளகு விலை கொஞ்சம் கைகொடுத்தது, திரும்பப் போகல. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைன் பதிவும், காட்டோரத்து ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வழிகாட்டியாப் போட்டிருக்கு. நல்ல தொடக்கம். அந்தப் பையன்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: வந்தவங்க கேட்கிறதையும் ஊர் சொல்றதையும் மழுப்பாம மொழிபெயருங்க. மதுரைக்காரங்க, சென்னைக்காரங்க வந்தாலும் மொழிபெயர்ப்பு வேணும், ரெண்டு பக்கமும் தமிழ்தானேன்னு நினைக்காதீங்க.

இப்ப எங்க பக்கம் வாரக்கடைசியில கார்கள் வருது. 'கிராமிய அனுபவம்', 'தோட்டத்துல ஒரு நாள்'னு பலகைகள் முளைச்சிருக்கு. உங்கள்ல சிலர் அதுல தங்கியிருப்பீங்க. வாங்க, வேண்டாம்னு சொல்லல. விருந்தாளி வர்றது ஊருக்கு வரவுதான். தங்குற இடத்துல சமைக்கிற அக்காவுக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறாங்கன்னு கேளுங்க. கேட்டா தப்பா நினைக்கமாட்டாங்க. வீட்டைப் படம் எடுக்கிறதுக்கு முன்னால வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தா, வேடிக்கை மட்டும் காட்டாம ஒரு மணி நேரம் ஏதாவது தூக்கச் சொல்லுங்க. எங்க தோட்டத்துல குப்பை எரு எப்பவும் கிடக்கு. இந்த ஜூன்லயும் களை வெட்ட ஆள் பத்தல.